ஓவனுக்குள் இருந்த வண்டி

லாத்தா,

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் உருகும் நாற்றம் வந்தது. நீங்கள் பார்த்திராத குடித்தனம் அது. மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த சின்னப் பெண். டெக்ஸாஸில் இந்தக் காப்பெலுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குளிரில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது என்று போன வாரம் அவள் புலம்பியபோது யோசனை சொன்னவளே நான்தான். "ஓவன்ல சூடு வெக்காதீங்க. உள்ள இருக்கற லைட்ட மட்டும் போட்டு, மாவ வெச்சு மூடிருங்க. அதுவே போதும்." இந்த நாட்டில் குளிர்காலம் வந்தால் நம்மவர் வீட்டு மாவெல்லாம் அப்படித்தானே பொங்குகிறது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். புகை மணி வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் துண்டை விசிறிக்கொண்டே, மறு கையில் போனைப் பிடித்து ஆபீசில் இருந்த புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "என்னங்க, பீட்சா சுட வைக்கலாம்னு ஓவனப் போட்டேன், உள்ள மாவு இருந்ததே மறந்துபோச்சு. டப்பா உருகி வழியுது. நான்தான், வேற யாரு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு பேரும் ஜன்னல்களைத் திறந்துவிட்டோம், வழிந்ததைச் சுரண்டினோம், நான் வீட்டுக்கு வந்து கை கழுவினேன். நாற்றம் மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த 'நான்தான்' என்ற ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது. நான் சொல்லவில்லை. இப்போது நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

உங்களை முதலில் பார்த்தது பள்ளிக்கூடப் பேருந்து வந்து நிற்கும் முனையில், இரண்டாயிரத்து மூன்றில். ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்து, எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டவும் தெரியாது. வானம் கறுத்து முதல் தூறல் விழுந்த நேரத்தில், பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி பட்டை ஒட்டிய பழைய தவிட்டு நிற ஸ்டேஷன் வேகன் ஒன்று என் பக்கத்தில் வந்து நின்றது. நீங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி, "ஏறு புள்ள, நனையாத" என்றீர்கள். நான் "அக்கா" என்று ஆரம்பித்தேன். "எங்க கீழக்கரையில லாத்தாம்போம்" என்றீர்கள். அது என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு உங்களைப் பெயர் சொல்லி நினைத்ததுகூட இல்லை. இப்போதும் எழுத வரவில்லை.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டு நான் சிரித்தேனே, நினைவிருக்கிறதா? செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு காரைத் துண்டு துண்டாகப் பரப்பியிருந்தீர்கள். உள்ளங்கை நீளத்தில் பாடி, பாசிப்பயறு அளவில் விளக்கு, தனித்தனியாகச் சக்கரம், இருக்கை, ஸ்டியரிங். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் கார் கிட். உங்கள் மகள் சுமையாவின் பதினோராவது பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. அவள் பெட்டியைத் திறந்து பார்த்து, "போரிங்" என்று சொல்லிவிட்டு டிவிக்குப் போய்விட்டாள். பிரித்ததைப் பாதியில் விட உங்களுக்கு மனசு வரவில்லை, நீங்களே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"இதெல்லாம் ஆம்பளைங்க வெளயாட்டுங்களே லாத்தா" என்றேன்.

"ஏன், ஓட்டுறது நாமளாம், செய்யிறது மட்டும் அவங்களா?" என்று கேட்டு, உப்புத்தாளில் ஒரு துண்டு கிழித்து என் கையில் கொடுத்தீர்கள். எனக்கு அப்போது ஓட்டவும் தெரியாது என்பதை மரியாதையாக மறந்துவிட்டீர்கள். அந்த வருஷமே அதே வேகனில் என்னை உட்கார வைத்து அதையும் கற்றுக்கொடுத்தீர்கள்.

செவ்வாயும் வியாழனும் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் இரண்டரை வரைக்கும் வேலை ஓடும். அதற்குப் 'பட்டறை' என்று நீங்கள்தான் பெயர் வைத்தீர்கள். "இன்னைக்குப் பட்டறை உண்டா புள்ள?" என்று காலையில் போன் வரும். கடையில் விற்கிற கருவிகள் உங்கள் கைக்குச் சரிப்படவில்லை. இடுக்குகளில் பட்டி வைக்க, பிளாஸ்டிக் தாளை மருதாணி கோன் மாதிரி சுருட்டி, முனையை ஊசியளவு வெட்டி, அதில் பட்டியை நிரப்பிப் பிழிந்தீர்கள். பெருநாள்தோறும் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மருதாணி வைத்துவிட்ட கை. கோடு பிசகவே இல்லை. ரவிக்கைக் கொக்கியை நெளித்தால் கதவுப் பிடி. என் கிழிந்த பட்டுச்சேலையில் பிரித்த ஜரிகை, ஜன்னலைச் சுற்றி வெள்ளிக்கோடு. நான் கோலம் போட்டுப் பழகியவள் என்பதால் மெல்லிய தூரிகை வேலையெல்லாம் என் பங்குக்கு வந்தது.

குறை சொல்வதும் என் பங்குதான். "பின்சக்கரம் ஒரு நொய் அளவு சாஞ்சிருக்குங்க லாத்தா." "இங்க பாருங்க, உங்க கட்டைவிரல் ரேகை." நீங்கள் எனக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பட்டம் கட்டினீர்கள். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், "இவகிட்ட எதுவும் தப்பாது, இன்ஸ்பெக்டரம்மா பாத்தாச்சுன்னா ஓகே" என்று அறிமுகப்படுத்துவீர்கள். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த எனக்கு அந்தப் பட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்கள் அறிந்திருந்தீர்களோ என்னவோ. எனக்கு அது ஒரு உத்தியோகமாகவே இருந்தது.

பெயிண்ட் காயவைக்க ஓவனைப் பிடித்ததும் நீங்கள்தான். கராஜில் வைத்தால் தூசி ஒட்டியது, கூடத்தில் வைத்தால் உங்கள் சின்னவன் தொட்டுப் பார்த்தான். "மாவு பொங்குற சூட்டுல பெயிண்ட் காயாதா புள்ள?" என்றீர்கள். தூசியில்லாத, யார் கையும் படாத, லைட்டின் வெதுவெதுப்பு மட்டுமே உள்ள இடம். கண்ணாடி மாதிரி காய்ந்தது. முதல் தடவை மேல் தட்டில் வண்டியும் கீழ்த் தட்டில் மாவுமாக ஒன்றாகவே வைத்துவிட்டோம். மறுநாள் இட்லியில் தின்னர் வாசனை. உங்கள் வீட்டுக்கார அண்ணன் இரண்டோடு எழுந்துபோய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு சட்டம் வந்தன. மாவும் வண்டியும் ஒன்றாக இருக்கக் கூடாது. உள்ளே எது இருந்தாலும், ஓவனைப் போடுகிற குமிழின் மேல் மஞ்சள் டேப் ஒரு துண்டு ஒட்டியிருக்க வேண்டும். பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்க நாம் வண்டிகளில் ஒட்டி ஒட்டி உரிப்போமே, அதே டேப். டேப் இருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டில் மூன்று வயதுச் சின்னவனுக்குக்கூடத் தெரியும்.

நாம் செய்த வண்டிகளில் உங்கள் உயிரே அந்த வேகன்தான். கடலோர ஊரில் வாசல் தாண்ட ஆள் துணை தேடிய பெண், முப்பத்தொரு வயதில் டெக்ஸாஸ் வந்து ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் கார். "உங்க அண்ணன் கத்திக்கொடுத்ததுல பாதி இங்கிலீஷு, பாதி அல்லாவே காப்பாத்துங்குற துஆ" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். மாசமாக இருக்கிற பெண்களை ஆஸ்பத்திரிக்கு, ஊரிலிருந்து வருகிற மாமியார்களை விமான நிலையத்திலிருந்து, என்னை எல்லா இடத்துக்கும் என்று அதில் எத்தனை பேரை ஏற்றியிருப்பீர்கள்! ஒரு நாள் ஃப்ரீவே ஓரத்தில் அது நின்றே போனது. இழுத்துக்கொண்டு போக லாரி வந்தபோது பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு வேறு வண்டி வந்தது, ஓட்டினீர்கள், ஆனால் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

கொஞ்சம் ஜாடை ஒத்த ஒரு கிட்டைத் தேடிப் பிடித்து, வெட்டி, ஒட்டி, இரண்டாயிரத்து ஐந்தின் குளிர்காலம் முழுக்க அந்த வேகனைத் திரும்பச் செய்தோம். இடதுபக்கப் பின்கதவில் நீங்கள் கடை வாசலில் இடித்து வாங்கிய நசுங்கல்கூட அதில் இருந்தது. கரண்டிக் காம்பைச் சூடாக்கி ஒரே அழுத்தாக அழுத்தினீர்கள். பக்கவாட்டு மரப்பட்டைக்கு ஒற்றை மயிர்த் தூரிகையால் மர ரேகை போட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. உங்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நான் இன்ஸ்பெக்டர் என்பதால் இரண்டு முறை அழித்துப் போட்டேன்.

அதைக் கொண்டுபோய் மார்ச் மாத மாடல் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. முந்தைய வருஷம் சும்மா வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். தொப்பி வைத்த கிழவர்கள் நிறைந்த கூடத்தில் சேலையும் முக்காடுமாக நாம் இருவர்தான். ஒருவர் வந்து, பையனுக்காகப் பார்க்க வந்தீர்களா என்று அன்பாக விசாரித்தார். நீங்கள் உங்கள் இங்கிலீஷில், பையன் என் புருஷனுக்கு, கார் எனக்கு என்று பதில் சொன்னீர்கள். அந்த மனிதர் சிரித்து அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அடுத்த வருஷத்துக்கு அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தீர்கள். உங்கள் பெயரில், உங்கள் கையால் செய்த ஒன்று, ஊரார் பார்க்க ஒரு மேஜையில் இருக்கும் என்று வருஷம் பூரா சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் குளிர்காலத்தில் உங்களுக்குக் கொஞ்சம் மறதி தட்டியது உண்மை. போனை ஃப்ரீசரில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினீர்கள். பக்கத்து ஊர் ஆலனில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனபோது பேச்சு சுவாரசியத்தில் எக்ஸிட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டோம். யாருக்கும் நடக்கிறதுதான். ஆனால் ஊரெல்லாம் அதைச் சொல்லிக் கேலி செய்தவள் நான். "லாத்தா மண்டையில டேப் ஒட்டி வெக்கோணும்" என்று ஒரு விருந்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் கண்காட்சி. காலையில் வேகனின் ஜன்னல்களை மறைத்திருந்த டேப்பையெல்லாம் நகத்தால் நெருடி நெருடி நான்தான் உரித்தேன். கடைசிப் பளபளப்புப் பூச்சைக் கொடுத்தீர்கள். ஓவனுக்குள் வைத்து, லைட்டைப் போட்டு, குமிழில் டேப்பை ஒட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. கறி பஃப்ஸ் மடித்துத் தட்டில் அடுக்கினோம். இரண்டரை ஆகிவிட்டது. "லுஹர் தள்ளிப் போச்சு புள்ள. தொழுதுட்டு வந்து பஃப்ஸ வைக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினீர்கள்.

நீங்கள் வருவதற்குள் ஓவன் சூடாகியிருந்தால் உங்களுக்குச் சுலபமாக இருக்குமே என்று நினைத்தேன். குமிழை நானூறுக்குத் திருப்பினேன். அதில் டேப் இருந்தது. காலையிலிருந்து டேப் உரித்துக்கொண்டிருந்த விரல், அதையும் உரித்தது. அது எதற்காக அங்கே இருக்கிறது என்று மண்டைக்கு எட்டவே இல்லை. என்ன யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எத்தனையோ நாள் நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. என் மகன் பள்ளி விட்டு வரும் நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து முனைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது தெருவிலேயே நாற்றம் அடித்தது. சமையலறைக் கதவும் ஜன்னலும் திறந்து கிடந்தன. நீங்கள் தொழுகை உடுப்போடு ஓவன் முன்னால் நின்றுகொண்டிருந்தீர்கள். தட்டின் கம்பிகளுக்கு நடுவே கூரை தொய்ந்து, கதவுகள் ஒட்டிச் சுருண்டு, என் மர ரேகை குமிழ் குமிழாக வெடித்து, வேகன் ஒரு கருப்பட்டித் துண்டு மாதிரி கிடந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் பேசினீர்கள்.

"நான்தான் புள்ள. பஃப்ஸ் வைக்கணும்னு நெனச்சுக்கிட்டே ஓவனப் போட்டுட்டுத் தொழப் போயிருக்கேன். டேப்புகூட ஒட்டல பாரு. அல்லாவே, டேப்பு ஒட்டக்கூட மறந்திருக்கேனே."

நான் குனிந்து பார்த்தேன். என் ஸ்வெட்டர் கையின் ஓரத்தில் அந்த மஞ்சள் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்வெட்டர் கையை உள்பக்கமாக மடித்துவிட்டேன், லாத்தா. அதைத்தான் செய்தேன். பயமா, வெட்கமா, என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. நீயா போட்டாய் என்று நீங்கள் கேட்கவே இல்லை. இன்ஸ்பெக்டரம்மா அப்படிச் செய்வாள் என்று உங்களுக்குத் தோன்றக்கூட இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது, "பரவால்லீங்க லாத்தா, எல்லாருக்கும் ஆகறதுதானுங்க." உங்களை நான் மன்னித்தேன்! இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் கண்காட்சிக்குப் போக வேண்டாம் என்றேன். "பேர் குடுத்தாச்சே, போகாம எப்படி" என்று கிளம்பிவிட்டீர்கள். உங்கள் பெயர் எழுதிய அட்டை வைத்த மேஜையில் உங்கள் இடம் காலியாக இருந்தது. நீங்கள் அதன் பக்கத்தில் நின்றீர்கள். வண்டி எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம், கேக் மாதிரி ஓவனில் வைத்துச் சுட்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தீர்கள். போன வருஷத்துக் கிழவரும் வந்தார். அவரிடமும் சொன்னீர்கள், ஐ ஆம் ஃபர்கெட்டிங் எவ்ரிதிங் என்று. நான் உங்கள் பக்கத்தில் உங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதோடு போயிருந்தால்கூட ஒரு பொம்மை வண்டியோடு போயிற்று என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தெரியும். திங்கட்கிழமை போன் செய்து, சின்னவனைப் பிளே ஸ்கூலில் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டீர்கள். வண்டி ரிப்பேரா என்றேன். "வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் இனிமே ஓட்டல புள்ள" என்றீர்கள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு சொன்னீர்கள், "வெயில் காலம் வருது. இந்த ஊர்ல கார்ல பிள்ளைய மறந்து வச்சிட்டுப் போனவங்க கதையெல்லாம் டிவியில பாக்குறோம்ல. ஓவன்ல இருந்தத மறந்தவ, நாளைக்குப் பின்சீட்ல இருக்குற இவன மறந்துட்டேன்னா?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். "நான் இருக்கேனுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அன்றிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் நான் ஓட்டிக்கொண்டு திரிந்தேன். மளிகைக்கு, பல் டாக்டருக்கு, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு. கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று நம்மவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். நீங்களும் சொன்னீர்கள். கோபிக்காதீர்கள்; அந்தப் புகழ்ச்சியை நான் வேண்டாம் என்று மறுக்கவுமில்லை. கார் இல்லாமல் கடுகு வாங்கக்கூடப் போக முடியாத இந்த ஊரில், எல்லோரையும் ஏற்றிப் போனவர் நீங்கள், முன்சீட்டில் மடியில் பையை வைத்துக்கொண்டு, "உனக்குச் சிரமம், உனக்குச் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். சிவப்பு விளக்கில் நான் நிறுத்தும்போது உங்கள் வலது கால் தரையை அழுத்துவதைக் கவனித்திருக்கிறேன்.

மறதிக்காக உங்களை டாக்டரிடம் கூட்டிப்போனேன், அவர் பார்த்துவிட்டுத் தைராய்டு என்றார். மாத்திரை கொடுத்தார், மறதியும் தெளிந்தது, தாராளமாக ஓட்டலாம் என்றும் சொன்னார். நீங்கள் கேட்கவில்லை. "டாக்டருக்கு என் ஓவனப் பத்தித் தெரியுமா?" என்றீர்கள். தெரிந்த ஒருத்தி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு நாம் பட்டறையும் போடவில்லை. கேட்டால், கண் வலிக்கிறது என்பீர்கள்.

அண்ணனுக்கு ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்து நீங்கள் குடிபோனபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறு வருஷம் உங்களைப் பார்க்க வந்தேனே, சொல்வதற்கென்றே வந்தேன். விமானத்தில் வாக்கியங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் என்னை நேராக ரயிலடிக்குக் கூட்டிப்போனீர்கள். "இங்க கார் தேவையே இல்ல புள்ள, ரயில் இருக்கு, ஏறி உக்காந்தா மன்ஹாட்டன்" என்று குழந்தை மாதிரி காட்டினீர்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, "லாத்தா, அந்த ஓவன்..." என்று ஆரம்பித்தேன்.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அதையே இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கியா? அதுவும் நல்லதுக்குத்தான். அது நடக்காட்டி நான் டாக்டர்கிட்ட போயிருப்பேனா? அல்ஹம்துலில்லாஹ்." ரயில் வந்தது, ஏறினோம். நீங்களே கொடுத்த அந்தச் சமாதானத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு டெக்ஸாஸ் திரும்பினேன். நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று ஒரு வருஷம் அதை வைத்தே பிழைத்தேன்.

இந்த ஏப்ரலில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. நான் விமானம் ஏறுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இனி யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் சுமையா கூப்பிட்டாள். பதினேழு ஆகிவிட்டது அவளுக்கு. வழக்கம்போல நான் தமிழில் கேட்க, அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். டிரைவிங் டெஸ்டுக்கு வாப்பா இரண்டு தடவை நாள் குறித்தாராம், இரண்டு தடவையும் இவள் போகவில்லையாம். ஏன் கண்ணு என்றேன். தனக்கும் எல்லாம் மறந்து போகிறது என்றாள். சாவியை, ஹோம்வொர்க்கை. உம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது, ஆன்ட்டி, ஓவனில் காரை வைத்துவிட்டு மறந்துபோனாரே, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, எனக்கும் அது வந்திருக்கிறது, நான் ஓட்ட மாட்டேன் என்றாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உங்களை நிறுத்தியது போதாதென்று என் பொய் உங்கள் மகளையும் நிறுத்திக்கொண்டிருக்கிறது.

இன்று கை கழுவிவிட்டு நேராகப் போய்ப் போனை எடுத்தேன். சமையலறையில் நின்றுகொண்டே சொன்னேன்.

"சுமையா, அன்னிக்கு ஓவனப் போட்டது உங்க உம்மா இல்ல. நான். அவங்க டேப் ஒட்டியிருந்தாங்க. நான்தான் உரிச்சேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் கேட்டாள், என்னிடம் எப்போதும் பேசாத தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி.

"அப்போ உம்மா... ஓட்டிருக்கலாமா?"

"ஓட்டியிருக்கலாம் கண்ணு."

போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிடாவிட்டால் அது நியாயம்தான். டெஸ்டுக்குப் போனாளானால் எனக்குப் போதும். அவள் கேட்ட கேள்வி என்னோடு இருக்கும், சாகும்வரை இருக்கட்டும். திட்ட வேண்டியவர் நீங்கள், நீங்கள் இல்லை. உங்களுக்குச் சேர வேண்டியது ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது, அதைத் தரத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்றைக்கு நீங்கள் எதையும் மறக்கவில்லை, லாத்தா.